ஒரே மென்பொருளுக்கு இரண்டு முறை கூலியா?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் கொள்முதல் பார்க்கிறேன். கணினி ஆய்வகத்துக்கு 40 புதிய கணினிகள் வாங்கினோம். விற்றவரே ‘இமேஜ்’ போட்டு எம்எஸ் ஆபீஸ், குரோம், 7-ஜிப், ஜூம் எல்லாம் ஏற்றித் தந்தார். பிறகு, கணினிகளை இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் சேவையில் இணைத்தார். இணைத்த அன்றே எல்லாக் கணினிகளும் அதே மென்பொருள்களை மறுபடியும் இறக்க ஆரம்பித்தன; இணையம் படுத்துவிட்டது. பில்லில் நிறுவல் கட்டணம் இரண்டு இடத்தில் வருகிறது. “சிஸ்டம் அப்படித்தான் வேலை செய்யும்” என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கட்டணத்தை நிறுத்திவையுங்கள். சிஸ்டம் அப்படி வேலை செய்வதில்லை. அவர் அப்படி அமைத்து வைத்திருக்கிறார்.

ஒரு கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி, அதன் வட்டைப் படியெடுத்து, மற்ற 39 கணினிகளிலும் இறக்குவதுதான் இமேஜ். மாவு ஒருமுறைதான் அரைக்கிறார்கள். இட்லிக்கு இட்லி அரைத்த கூலி கேட்க முடியாது. படியை இறக்கும் வேலைக்குக் கணினிக்கு இவ்வளவு என்று கேட்பது நியாயம். ‘மென்பொருளுக்கு இவ்வளவு, அதைக் கணினிகளின் எண்ணிக்கையால் பெருக்கு’ என்பது நியாயமில்லை.

இனி இன்ட்யூன். எந்த மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னால் அது ஏற்கெனவே கணினியில் இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால், நிறுவியாயிற்று என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். ஆனால் எங்கே, எதைப் பார்ப்பது என்ற கண்டறியும் விதியை அமைப்பவர்தான் எழுதித் தர வேண்டும். அந்த விதி பிசகினால், திரையில் சிரித்துக்கொண்டிருக்கும் குரோமையே ‘காணவில்லை’ என்று சொல்லிவிடும்.

குரோமையே எடுத்துக்கொள்வோம். ‘பதிப்பு எண் இதற்குச் சமமாக இருக்க வேண்டும்’ என்று விதி எழுதியிருப்பார்கள். குரோமோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் பிராணி. இமேஜ் போட்ட சில நாளில் எண் மாறிவிடும். உடனே இன்ட்யூன் பழைய நிறுவியை இழுத்து வரும். புதியது இருப்பதால் அது தோற்கும். பிறகு மறுபடியும் முயலும். இதை 40 கணினிகளால் பெருக்கினால் உங்கள் இணையம் படுத்த கதை வந்துவிடும். ‘சமம்’ என்பதை ‘சமம் அல்லது அதைவிடப் புதியது’ என்று மாற்றினால் தீர்ந்தது. எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவிக் கோப்பாக நேரடியாக இன்ட்யூனில் ஏற்றியிருந்தால், பதிப்பைப் பொருட்படுத்தாதே என்று ஓர் அமைப்பே இருக்கிறது. அதற்கு ‘ஆம்’ கொடுத்தால் போதும்.

ஜூமில் வேறு சிக்கல் இருக்கலாம். இமேஜ் தயாரித்தவர் தன் பயனர் கணக்குக்குள் மட்டும் அதை நிறுவியிருந்தால், மாணவர் கணக்கிலிருந்து பார்க்கும்போது அது உண்மையிலேயே இருக்காது. அப்படியானால் தவறு இமேஜில். கணினி முழுமைக்குமான நிறுவியைப் பயன்படுத்தி இமேஜைத் திருத்தித் தர வேண்டும். 32 பிட் மென்பொருளை 64 பிட் கோப்புறையில் தேடச் சொல்லும் விதிகளும் உண்டு. நான் அதிகம் பார்த்த பிழை அதுதான்; பார்த்துப் பார்த்து அலுத்தும் விட்டது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கணினியில் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் 7-ஜிப்புக்கு எதிரே இருக்கும் தேதியைப் பாருங்கள். இமேஜ் தயாரித்த நாள் இருந்தால் நல்லது. இன்ட்யூனில் இணைத்த நாள் இருந்தால் மறுபடியும் நிறுவியிருக்கிறார்கள். குரோமுக்கு எதிரே இருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். அது புதுப்பிப்புக்கு ஏற்ப மாறும். அந்தப் பட்டியலைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து அனுப்புங்கள். விதிகளைத் திருத்தி, ஒரே ஒரு கணினியை உங்கள் கண்ணெதிரே புதிதாக இமேஜ் செய்து, இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். எதுவும் மறுபடி இறங்கவில்லை என்றால் மீதி 39-க்கும் ஒப்புதல் கொடுங்கள்.

அடுத்த முறை ஆர்டரில் இமேஜுக்குள் என்ன, வெளியே என்ன என்று இரண்டு பட்டியல் கேளுங்கள். ஆபீஸ் போலக் கனமான, எல்லோருக்கும் வேண்டிய மென்பொருள் உள்ளே இருக்கட்டும். உலாவி வெளியிலிருந்தே வரட்டும்; இமேஜில் வைத்தால் நாளுக்கு நாள் பழசாகும். வைரஸ் தடுப்பும் வெளியிலிருந்து வருவதே என் விருப்பம். படியெடுக்கும்போது அதன் அடையாள எண்ணும் சேர்ந்து படியாகி, 40 கணினிகள் ஒரே கணினியாகப் பட்டியலில் தெரிந்த கூத்தை ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வடிவமைப்பு நிறுவனத்தில் 12 மேக் கணினிகள், ஜாம்ஃப் என்ற நிர்வாக மென்பொருள் வழியாக நிர்வகிக்கிறோம். இரண்டு கணினிகளை முழுதாக அழித்து மறுபடி சேர்த்தோம். எழுத்துருக்களும் பிரிண்டர் மென்பொருளும் வரவே இல்லை. மறுபடி நிறுவப் பணம் கேட்கிறார் பராமரிப்பாளர்.

பதில்: மேலே உள்ளவருக்கு இருப்பது இல்லையென்று சிக்கல், உங்களுக்கு இல்லாதது இருக்கிறதென்று. ‘கணினிக்கு ஒருமுறை மட்டும்’ என்று அமைத்த வேலையை ஒருமுறை முடித்துவிட்டோம் என்பது சர்வரின் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. கணினி துடைக்கப்பட்டது பதிவேட்டுக்குத் தெரியாது. மறுசேர்ப்பு அமைப்புகளில் பழைய பதிவை அழிக்கும் தேர்வு இருக்கிறது. இனி அது இயங்கட்டும். இப்போதைக்கு அந்த இரண்டு கணினிகளுக்கான ‘வேலை முடிந்தது’ என்ற பதிவை மட்டும் நீக்கினால் மென்பொருள் தானாக வரும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குள் அடங்கும் வேலை இது. தனிக் கட்டணம் வேண்டாம்.

கேள்வி: புதுக் கணினியோடு வந்த விண்டோஸ் உரிமத்தை வைத்தே எல்லாவற்றுக்கும் ஒரே இமேஜ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கணினியோடு வரும் உரிமம் படியெடுத்துப் பரப்பும் உரிமையைத் தருவதில்லை. அதே விண்டோஸின் அதே பதிப்புக்கு ஒரு வால்யூம் உரிமம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் உரிமம்) வாங்கினால், அதோடு வரும் விண்டோஸிலிருந்து எடுத்த இமேஜை ஏற்கெனவே உரிமம் உள்ள கணினிகளில் இறக்கலாம். விற்பவரிடம் வால்யூம் உரிமத்தின் ஒப்பந்த எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.