மண்டையைப் போட்டவரும் காலமானவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வேலைக்கான தேர்வு ஒன்றுக்காக ஓராண்டாக ஆங்கில இலக்கணம் படித்து வருகிறேன். காலங்கள், எழுவாய்-பயனிலை இயைபு, செயப்பாட்டுவினை எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டன. ‘சரியான இடியத்தைத் தேர்ந்தெடு’ என்னும் பகுதியில்தான் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறேன். அறுநூறு மரபுத்தொடர்களைத் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்தும் பயனில்லை.

நான் தவறவிட்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன். ‘எங்கள் அன்புக்குரிய ஆசிரியர் நேற்றிரவு...’ என்று தொடங்கிய வாக்கியத்தில் கோடிட்ட இடத்துக்கு ‘கிக்டு த பக்கெட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இறந்துபோதல் என்றுதான் என் புத்தகத்தில் இருக்கிறது. தவறு என்றது விடைக்குறிப்பு. அடுத்தது ‘டிஃபரன்ட் டு’. அதுவும் தவறாம், ‘டிஃபரன்ட் ஃப்ரம்’தான் சரியாம். ஆங்கிலேயர்கள் ‘டிஃபரன்ட் டு’ என்று பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். மூன்றாவது ‘டிஸ்கஸ் அபௌட்’. எதைப் பற்றி என்று சொல்லாமல் எப்படி விவாதிக்க முடியும்?

இதற்கெல்லாம் ஏதேனும் தர்க்கம் உண்டா, அல்லது வினாத்தாள் தயாரிப்பவரின் விருப்பம்தானா? நாளை மறுநாள் இன்னொரு தேர்வு எழுதுகிறேன். ‘ரைட் அன் எக்ஸாம்’ என்று சொல்வதே தவறு என்று என் தம்பி வேறு பயமுறுத்துகிறான்.

கி.

அன்புள்ள கி.,

உங்கள் முதல் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் ‘எங்கள் அன்புக்குரிய ஆசிரியர் நேற்றிரவு மண்டையைப் போட்டுவிட்டார்’ என்று எழுதியிருப்பீர்களா? ‘கிக் த பக்கெட்’டுக்குக் கிட்டத்தட்ட நேரான தமிழ் அதுதான். 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே அந்தத் தொடர் இடம்பெற்றிருக்கிறது. இன்றுவரை அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், போய்ச் சேர்ந்தார், மண்டையைப் போட்டார். ஐந்துக்கும் பொருள் எழுதச் சொன்னால் ‘இறந்தார்’ என்ற ஒரே சொல்லை ஐந்து முறை எழுதிவிடலாம். ஆனால் இரங்கல் கடிதத்தில் எதை எழுதுவது, பிடிக்காதவனைப் பற்றி நண்பனிடம் பேசும்போது எதைச் சொல்வது என்று தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் கற்பிப்பதில்லை. உங்கள் அறுநூறு தொடர்ப் பட்டியல் இந்த இடத்தில்தான் உங்களைக் கைவிட்டது. பொருளைக் கொடுத்தது, மரியாதையைக் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வியின் மற்ற விடைகளை நீங்கள் எழுதவில்லை. ‘பாஸ்டு அவே’, ‘பாஸ்டு அவுட்’, ‘பாஸ்டு ஆஃப்’ என்று இருந்திருக்கும் என ஊகிக்கிறேன். அவுட் என்றால் ஆசிரியர் மயங்கி விழுந்தார். ஆஃப் என்றால் ஒன்றை இன்னொன்றாகக் காட்டி ஏமாற்றினார், அல்லது ஏதோ ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்தது. அவே மட்டுமே காலமானார். வினா அமைத்தவர் ‘அன்புக்குரிய’ என்ற சொல்லைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. விடையைத் தேர்வுசெய்ய உதவும் ஒரே சொல் அதுதான். அதை எடுத்துவிட்டு அங்கே ‘அந்தக் கிழட்டுக் கொள்ளைக்காரன்’ என்று வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கெட்டும் சரியாகிவிடும். அப்படி வைத்தால் இரண்டு விடைகள் சரியாகி, வினா கெட்டுப்போகும் என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் குழப்பத்தின் வேருக்கு வருகிறேன். இடியம் என்ற ஒரே பெயரில் தேர்வுகள் இரண்டு வேறு சரக்கை விற்கின்றன. ஒன்று, சொற்களின் பொருளைக் கூட்டினால் கிடைக்காத பொருளைத் தரும் தொடர். பக்கெட்டை உதைப்பது இந்த வகை. இன்னொன்று, பொருளில் எந்த மர்மமும் இல்லாமல், இந்தச் சொல்லுக்குப் பின் இந்தச் சொல்தான் வரும் என்னும் கட்டுப்பாடு. ‘டிஃபரன்ட் ஃப்ரம்’, ‘டிஸ்கஸ்’ இரண்டும் இந்த வகை. இலக்கணத் தேர்வில் ‘இடியம் பிழை’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள். நீங்களோ அறுநூறு முறை முதல் வகைக்குத் தயாராகியிருக்கிறீர்கள்.

இரண்டாவது வகை நமக்கு அந்நியமானதில்லை. நன்னூல் வழுக்கள் ஏழு என்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. கடைசியில் நிற்கும் மரபு வழுதான் ஆங்கிலத் தேர்வின் இடியம் பிழை. பானையை வனைகிறோம், கூடையை முடைகிறோம், ஆடையை நெய்கிறோம். ‘அவர் பானை நெய்தார்’ என்றால் யாருக்கும் பொருள் விளங்காமல் போகாது, திணையும் பாலும் காலமும் குறையில்லாமல் இருக்கின்றன. ஆனாலும் காது சுளிக்கிறது. ஏன் என்று கேட்டால் நன்னூலார் காரணம் எதையும் சொல்வதில்லை. ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்று முடித்துவிடுகிறார். அப்படித்தான் சொன்னார்கள், அப்படியே சொல். நீங்கள் கேட்ட தர்க்கத்துக்கு இதைவிடச் சுருக்கமான பதில் ஆங்கில இலக்கண நூல்களிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

‘டிஸ்கஸ் அபௌட்’ அப்படிப்பட்ட நெய்த பானை. பற்றி என்று சொல்லாமல் எப்படி என்கிறீர்கள். தமிழிலேயே ‘அதைப் பற்றி விவாதித்தோம்’, ‘அதை விவாதித்தோம்’ இரண்டும் சொல்கிறோமே. ஆங்கில வினை இரண்டாவது வழியை மட்டும் ஏற்கும், ‘பற்றி’ அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெயர்ச்சொல்லாகி ‘டிஸ்கஷன்’ ஆனதும் அபௌட் தாராளமாக வரலாம். நம் தவறுகளில் பாதி இப்படித் தமிழ் வேற்றுமை உருபு ஆங்கிலத்துக்குள் கசிவதால் வருபவை. ‘என் மேல் கோபம்’ என்று நினைத்து ‘ஆங்ரி ஆன் மீ’ என்கிறோம், அங்கே வர வேண்டியது ‘வித்’. அவளோடு திருமணம் என்பதால் ‘மேரீடு வித்’ என்கிறோம், வர வேண்டியது ‘டு’. கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் ‘குட் இன்’ என்கிறோம், தேர்வு எதிர்பார்ப்பது ‘அட்’. நான்கு விடைகளில் ஒன்று படித்த மாத்திரத்தில் தமிழ்போல இதமாக இருந்தால், அதை ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

தர்க்கமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் உண்டு, அங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஆகிய ஐந்தும் லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்கள். இவற்றுக்குப் பின், ‘விட’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழக்கமாக வரும் ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும். ‘பிரிஃபர்’ என்பதும் லத்தீனில் ‘முன்னே வை’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது, அதுவும் ‘டு’ கேட்கும். ஓடுவதைவிட நடப்பது பிடிக்கும் என்பதற்கு ‘பிரிஃபர் வாக்கிங் டு ரன்னிங்’.

அதேபோல ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதற்குப் பின் ‘மீட்’ வருமா ‘மீட்டிங்’ வருமா என்ற கேள்வி. அந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு த ஹாலிடே’ பொருந்துகிறது. அப்படியானால் அந்த ‘டு’ பெயருக்கு முன் நிற்கும் முன்னிடைச்சொல், வினையின் பகுதி ஆகாது. ஆகவே ‘மீட்டிங்’. ‘ஆப்ஜெக்ட் டு’, ‘அக்கஸ்டம்டு டு’, ‘வித் எ வியூ டு’ எல்லாவற்றுக்கும் இதே சோதனை செல்லும்.

ஆனால் சொல்லின் பிறப்பை மட்டும் நம்பி இறங்கினால் வழுக்கும். விருப்பமில்லாத என்று பொருள்படும் ‘அவர்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘விலகித் திரும்பிய’ என்று பொருள். அந்தக் கணக்கில் ‘ஃப்ரம்’தான் வர வேண்டும். இன்றைய வழக்கில் வருவது ‘டு’.

இப்போது உங்கள் ‘டிஃபரன்ட் டு’. நீங்கள் காதால் கேட்டது உண்மைதான். பிரிட்டனில், குறிப்பாகப் பேச்சில், அது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் ‘டிஃபரன்ட் தேன்’ சாதாரணம். ‘ஃப்ரம்’ மட்டுமே சரி என்ற பிடிவாதத்தை மூடநம்பிக்கை என்றே ஃபவ்லர் 1926இல் வெளியான தன் ஆங்கில வழக்கு அகராதியில் எழுதினார். அவர் இலக்கணத்தில் கறாரானவர், இளகிய மனதுக்காரர் இல்லை. ஆகவே உங்கள் விடை ஆங்கிலம்தான். அந்தத் தேர்வின் ஆங்கிலம் இல்லை, அவ்வளவே. கடலின் இரு கரையிலும் யாரும் குறைசொல்லாத வடிவம் ‘ஃப்ரம்’. இரண்டு விடைகள் சரிபோலத் தோன்றினால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம். எந்த நாட்டு வழக்கு என்று வினாத்தாளில் சொல்லியிராவிட்டால் மதிப்பெண் கேட்டு முறையிடுங்கள், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

நன்னூலின் ‘உயர்ந்தோர்’ என்ற சொல் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. ஆங்கிலத்துக்கு உயர்ந்தோர் யார்? ஒருமுறை இந்தக் கேள்வியில் நானே மாட்டிக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி மையத்துக்கு வினாத்தாள் தயாரித்துக் கொடுத்தேன். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்ற பழமொழியின் ஆங்கில வடிவத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு நான்கு விடைகள் வைத்தேன். சரியான விடை ‘கிளிட்டர்ஸ்’. தவறான விடைகளில் ஒன்றாக, எழுத்துப்பிழைபோலத் தோன்றட்டும் என்று ‘கிளிஸ்டர்ஸ்’ என்பதை வைத்தேன். ஒரு மாணவி அதைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் இழந்தாள். மறுநாள் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தாள். தங்கப் பேழைக்குள் இருக்கும் ஓலையில் ஷேக்ஸ்பியர் எழுதியிருப்பது ‘கிளிஸ்டர்ஸ்’தான். அவளுடைய உயர்ந்தோர் என்னுடைய உயர்ந்தோரைவிட உயர்ந்தவர். மதிப்பெண்ணைக் கொடுத்தேன், அன்று முழுவதும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அதன்பிறகு தவறான விடைகளை எழுதுவதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. சரியான விடை ஒரு நிமிட வேலை. மற்ற மூன்றும் எங்கேயும், எந்த ஊர் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கக் கூடாது. இது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘ஸ்டார்ம் இன் எ டீகப்’ என்று பிரிட்டனில் சொல்வது அமெரிக்காவில் ‘டெம்பெஸ்ட் இன் எ டீபாட்’ ஆகிவிடுகிறது. பிரிட்டனில் ‘டச் வுட்’, அமெரிக்காவில் ‘நாக் ஆன் வுட்’. டீகப்பும் டீபாட்டும் ஒரே கேள்வியில் வந்தால் சண்டைதான். வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 2023 இறுதியில் அறிமுகமான வடிவத்தில், இத்தகைய இடியம் கேள்விகள் வந்துகொண்டிருந்த வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. அதைத் தயாரித்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியலை என்ன செய்வது? பரணில் போடுங்கள். அதற்குப் பதிலாக, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை அகராதிகளுக்கு முன்னோடிகளில் ஒன்று ஏ. எஸ். ஹார்ன்பியின் அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அவர் சகாக்களோடு தொகுத்தது 1942இல் டோக்கியோவில் அச்சானது. அப்போது அதன் பெயரே இடியத்துக்கும் தொடரமைப்புக்குமான ஆங்கில அகராதி என்பதுதான். ஆறாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அதை வேறு பெயரில் வெளியிட்டது. ஒரு வினைக்குப் பின் என்ன வரலாம், என்ன வராது என்பதை அதில் வினைக்கு வினை குறித்துவைத்தார்கள். ஜப்பானிய மாணவர்களுக்கும் அவர்கள் மொழி கசிந்திருக்கும், நமக்குத் தமிழ் கசிவதுபோல. சொல்லைத் தேடும்போது பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாமல், கீழே சாய்வெழுத்தில் இருக்கும் உதாரண வாக்கியத்தை முழுதாக வாய்விட்டுப் படியுங்கள். ‘டிஸ்கஸ்’ என்று தனியாக எழுதிவைப்பதைவிட ‘டிஸ்கஸ்டு த பிளான்’ என்று எழுதிவைத்தால் அபௌட் நுழைய இடமிருக்காது.

கடைசியாக உங்கள் தம்பி விஷயம். பிரிட்டனில் தேர்வில் ‘உட்கார்கிறார்கள்’, ‘சிட் அன் எக்ஸாம்’. ‘டேக்’ என்பது அங்கும் அமெரிக்காவிலும் செல்லும். ‘ரைட்’ தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கசிந்திருக்க வாய்ப்பில்லை. நாளை மறுநாள் அந்தக் கேள்வியே வந்தால் ‘டேக்’ என்பதில் வட்டமிடுங்கள். வெளியே வந்து தம்பியிடம் சொல்லும்போது தேர்வு எழுதிவிட்டு வந்தேன் என்றே சொல்லுங்கள்.