குடும்பத்தில் மூன்று பேருக்கு வலிப்பு, ஜீன் டெஸ்ட் நார்மல். அப்படியென்றால் பரம்பரை இல்லையா?

உங்கள் அப்பா, அத்தை, பெரியப்பா மகன் மூவருக்கும் வலிப்பு. அப்பாவுக்கு எக்ஸோம் டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் அகப்படவில்லை, அதனால் பரம்பரை இல்லை என்று நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப முடியாது. நான் டாக்டர் இல்லை, மரபணு ஆய்வகத்தில் தரவு பார்ப்பவன். எக்ஸோம் என்பது புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் டெஸ்ட், மொத்த டி.என்.ஏ.வில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். குழந்தைகளுக்கு வரும் டிராவெட் என்ற வலிப்பு நோய்க்குக் காரணமான எஸ்.சி.என்.1ஏ மரபணுக் கோளாறெல்லாம் பெரும்பாலும் அதில் சிக்கிவிடும். சிக்காததும் உண்டு.

ஒன்று கேட்கிறேன்: அந்த மூவருக்கும் கை நடுங்குகிறதா? காபி டம்ளரை நீட்டினால் தளும்புவது, ஊசியில் நூல் கோக்க வராதது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் செக்கைத் திருப்புவது? நடுக்கம் எப்போதும், வலிப்பு எப்போதாவது என்றால் ஃபேம் என்ற பரம்பரை வலிப்பு நோயை யோசிக்க வேண்டும். பெரியவர்களான பிறகுதான் தலைகாட்டும். வெறும் நடுக்கம் என்று பல வருடம் மருந்து சாப்பிடுபவர்களும் உண்டு.

இதன் காரணம் எட்டாவது குரோமோசோமில் இருப்பதாக 1999லேயே ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அங்குள்ள மரபணுக்களின் புரதப் பகுதிகளில் பிழையே இல்லை. 2018இல்தான் டோக்கியோ பல்கலைக்கழகக் குழு பிடித்தது: எஸ்.ஏ.எம்.டி.12 மரபணுவுக்குள், புரதத்துக்குப் பயன்படாத இடைப்பகுதியில், டி-டி-டி-சி-ஏ என்ற டி.என்.ஏ. ஐந்தெழுத்து நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. வழக்கமான மெஷின் ஒரு தடவைக்கு 150 எழுத்து போலத்தான் படிக்கும். ஆயிரக்கணக்கான எழுத்துக்கு நீளும் இந்தத் தொடரை அந்தச் சின்னத் துண்டுகளை வைத்து எப்படி ஒட்டவைக்கும்? இதைவிட எனக்கு ஆச்சரியம், ஓரிரு குடும்பங்களில் அதே ஐந்தெழுத்து சம்பந்தமே இல்லாத வேறு மரபணுக்களுக்குள் இருந்ததுதான். ஆக, எந்த மரபணு என்பதைவிட அந்தத் தொடர்தான் வில்லன்.

நமக்கென்ன என்று விட முடியாது. இந்திய, இலங்கைக் குடும்பங்களிலும் இதே கோளாறு இருப்பதாக 2020இல் ஆய்வு வந்தது. சுமார் 17,000 வருடங்களுக்கு முன் தோன்றியிருக்கும் என்பது அந்த ஆய்வாளர்கள் கணக்கு.

சரி, என்ன செய்யலாம்? நடுக்கம் இருந்தால் நரம்பியல் டாக்டரிடம் அதைச் சொல்லி, எஸ்.ஏ.எம்.டி.12 ரிப்பீட் டெஸ்ட் என்று பெயர் குறிப்பிட்டே எழுதச் சொல்லுங்கள். எக்ஸோமை இன்னொரு லேபில் மறுபடி எடுப்பது தண்டச் செலவு. நடுக்கம் இல்லையென்றால், பழைய தரவையே ஓரிரு வருடம் கழித்து மறுஆய்வு செய்யச் சொல்லலாம்; புது மரபணுக்கள் பட்டியலில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அப்புறம், முதலில் அப்பாவுக்கோ அத்தைக்கோதான் டெஸ்ட். ஃபேம் என்றால் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனாலும் எந்தத் தொந்தரவும் இல்லாத உங்கள் தங்கைக்கு, அவரே கேட்காமல், கல்யாணப் பேச்சு நடக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள்.