லேன் முடியும் இடத்தில் யாருக்கு வழி? – கேள்வி பதில்

கேள்வி: 'லேன் முடிகிறது' பலகையைப் பார்த்ததுமே பக்கத்து வரிசைக்கு மாறிவிடுவேன். சிலர் காலியான லேனில் கடைசிவரை போய் மூக்கை நுழைக்கிறார்கள். விடலாமா, சார்?

பதில்: விடுங்கள். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவர் செய்வதுதான் சரி. எல்லோரும் முன்கூட்டியே ஒரே லேனில் சேர்ந்தால் வரிசை நீண்டு, பின்னால் இருக்கும் சந்திப்பையும் அடைத்துக்கொள்ளும். லேன் முடிகிற இடத்தில் ஜிப் பற்கள் கோத்துக்கொள்வதைப் போல இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று. ஜெர்மனியில் இது போக்குவரத்து விதியிலேயே இருக்கிறது. வண்டிகள் தாராளமாக, வேகமாகப் போகும்போது கதை வேறு. அப்போது இடம் கிடைத்ததுமே மாறிவிடலாம்.

கேள்வி: ஒருவரை விட்டால் பின்னாலேயே மூன்று பேர் நுழைகிறார்களே?

பதில்: ஒருவர்தான் கணக்கு. அவர் நுழைந்ததும் நீங்கள் மெல்ல முன்னால் நகருங்கள், அடுத்தவருக்குப் புரிந்துவிடும். புரியாதவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். மிஞ்சுவது பத்தடி இடம், போவது பம்பர்.

கேள்வி: லைசென்ஸ் எடுத்து 2 மாதம். நெடுஞ்சாலையில் சேரும்போது பயந்துபோய் இணைப்புச் சாலையின் முனையிலேயே நின்றுவிடுகிறேன்.

பதில்: நிற்பதுதான் ஆபத்து. நின்ற வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 10 விநாடி பிடித்தால், அதற்குள் பின்னால் அதே வேகத்தில் வருகிற வண்டி 220 மீட்டர் கடந்திருக்கும். அதனால் இணைப்புச் சாலையிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து அவர்கள் வேகத்துக்கு வாருங்கள். இண்டிகேட்டர், கண்ணாடி, அப்புறம் தலையைத் திருப்பி ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று உண்டு. வண்டிகளைப் பார்த்து மிரளாமல் நடுவில் உள்ள இடைவெளியைத் தேடுங்கள். இன்னொன்று: உங்களுக்கு முன்னால் இருப்பவர் கிளம்பிவிட்டார் என்று நம்பாதீர்கள். நான் நம்பி, பின்னால் திரும்பிப் பார்த்தபடியே நகர்ந்தேன். அவர் பாதியில் நின்றுவிட்டார். அவர் டிக்கி நசுங்கியது.

கேள்வி: ஒருவர் ஹெட்லைட்டை அடித்தால் 'வா' என்றா, 'வராதே' என்றா?

பதில்: ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். விளக்கை நம்ப வேண்டாம், வண்டியைப் பாருங்கள். வேகம் குறைந்து இடைவெளி பெரிதானால் வரச் சொல்கிறார்.

கேள்வி: வழி விட்டவருக்கு எப்படி நன்றி சொல்வது?

பதில்: கையை ஒரு தடவை தூக்கினால் போதும். சிலர் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்குவார்கள். எனக்குப் பிடிக்காது; பின்னால் வருபவர் ஏதோ கோளாறு என்று பிரேக்கை மிதித்துவிடுவார்.