எடன்வில் அணை வெள்ளத்தில் எப்படி உடைந்தது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த எடன்வில் அணை ஒரு மண் அணை. அதாவது, மண்ணைக் கொட்டி உயர்த்திய நீளமான கரை. 1920களில் கட்டியது. பெருவெள்ளத்தை வெளியேற்ற அதன் மதகுகள் போதாது என்பது பல ஆண்டுகளாகவே தெரியும். அதனால்தான் 2018இல் அதன் மின் உற்பத்தி உரிமத்தையே ரத்து செய்தார்கள். ஆனால் மதகு மட்டும் பெரிதாகவில்லை!

2020 மே மாதம் கனமழை. ஏரி இதுவரை காணாத மட்டத்துக்கு ஏறியது. மே 19 மாலை, கரையின் வெளிச்சரிவு சில விநாடிகளில் அப்படியே சரிந்தது. கரையோரம் இருந்த ஒருவர் எடுத்த வீடியோவில் பார்க்கலாம்: புல் மூடிய சரிவு குழம்புபோல் வழிந்து இறங்கும், அப்புறம்தான் தண்ணீர் பாயும்.

காரணம், கரைக்குள் சரியாக இறுக்கப்படாத மணல். படியில் அரிசியை அளந்து தட்டினால் மட்டம் இறங்கும் அல்லவா? இடைவெளி இருப்பதால் அரிசி நெருங்கி அமர்கிறது. கரையிலோ அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர். மணல் நெருங்கப் பார்க்கும்போது தண்ணீர் உடனே வெளியேற வழியில்லை. பாரம் மணலை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிடுகிறது. அந்தக் கணமே மணல் திரவம் போல் ஓடத் தொடங்குகிறது.

சுமார் 10,000 பேரை வெளியேற்றியிருந்ததால் உயிரிழப்பு இல்லை.

தண்ணீர் கரை மேல் வழிந்து அரித்ததால்தான் எடன்வில் உடைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி உடைந்தது கீழே இருந்த சான்ஃபர்ட் அணை, எடன்வில்லில் நீர் கரையின் உச்சியைத் தொடவே இல்லை.