சென்னையை விட்டுச் சிறிய நகரத்துக்குக் குடிபோனால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கும்பகோணத்துக்குத் திரும்பி ஆறு வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் பதினோரு வருடங்கள் வேளச்சேரியில் இருந்தேன். 2021-இல் எங்கள் ஊரை மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் ஸ்கூட்டரை எடுத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது நிமிடம்தான், முகூர்த்த நாளாக இல்லாவிட்டால்.

சென்னையில் அலுவலகம் போய்வரவே தினமும் இரண்டரை மணி நேரம் போய்விடும். இங்கே வீட்டிலிருந்தே வேலை. அந்த நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன். மிச்சமானது உண்மை. ஆனால் அது என் கைக்கு வந்து சேரவில்லை, ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சென்னையில் இருந்தவரை யார் வீட்டுக் கல்யாணமானாலும் மொய்ப் பணத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதும். இங்கே முகம் காட்ட வேண்டும். தை, ஆவணி மாதங்களில் ஒரே காலையில் மூன்று மண்டபங்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். வந்தால் மட்டும் போதாது, பந்தியில் உட்கார்ந்தேனா என்று பார்க்கவும் ஆள் உண்டு. மகாமகக் குளத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கலாம் என்று கிளம்பினால், பாதிச் சுற்றுக்குள் இரண்டு பேர் நிறுத்திவிடுவார்கள்.

போன வருடம் அப்பாவுக்குச் சர்க்கரை அளவு பார்க்கக் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று மாலை பெரிய தெருப் பக்கம் இனிப்புக் கடையில் அரைக் கிலோ ஜாங்கிரி கேட்டேன். கடைக்காரர் தராசில் இருந்ததில் பாதியைத் தட்டில் திருப்பிப் போட்டார். "அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாமே தம்பி, கால் கிலோ போதும்." பரிசோதனை முடிவு எங்களுக்கே அன்று மதியம்தான் வந்திருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கால் கிலோவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குறை என்றால் முதலில் வேலை. என் மனைவி கட்டட வடிவமைப்பு படித்தவர். அவருடைய படிப்புக்கு ஏற்ற வேலை இங்கே அமையவே இல்லை. இப்போது சென்னை நிறுவனம் ஒன்றுக்குப் பாதிச் சம்பளத்தில் வரைபடம் வரைந்து அனுப்புகிறார். ஊர் மாறுவதைப் பற்றி ஆண்கள் எழுதும்போது இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அடுத்தது மருத்துவம். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில், இங்கே முதலுதவி செய்து தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் அந்த 40 கிலோமீட்டரும் எனக்குத் தீரவே இல்லை. போய்ச் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, எதிர் வீட்டு மாமா பைக்கில் வந்து நின்றார். நாங்கள் வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறோம். பூட்டிச் சாவியைக் கொடுக்க அந்த நடுராத்திரியில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். காலையில் கொடுத்திருக்கலாமே என்றேன். "வீட்டுச் சாவி இல்லாமல் எப்படி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

காபியைப் பற்றிக் கேட்பீர்கள். நெடுஞ்சாலைகளில் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்துப் பித்தளை டவராவில் தருகிறார்கள். எங்கள் தெருமுனைக் கடையில் எவர்சில்வர் டம்ளர்தான், பலகையும் கிடையாது. காபி நன்றாக இருக்கும். கோயில்களா? வெளியூர்க்காரர்கள் இரண்டு நாளில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் முடித்துவிட்டுப் போகிறார்கள். நான் ஆறு வருடத்தில் நான்குதான் பார்த்திருக்கிறேன்.

வருவதாக இருந்தால் முதலில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதுவும் கல்யாண மாதங்களில். காவிரியில் தண்ணீர் ஓடும் நாட்களில் சக்கரப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்; அப்போது யாருக்கும் ஊர் பிடித்துவிடும். 2028-இல் மகாமகம் வருகிறது. 2016-இல் எங்கள் வீட்டு மாடியில் படுத்த சென்னை உறவினர்கள் இப்போதே போன் செய்து இடம் சொல்லி வைத்துவிட்டார்கள். மாடி நிறைந்துவிட்டது, கூடத்தில் இன்னும் இரண்டு பாய் விரிக்கலாம்.