புல்லரிக்க வைக்கும் தசையிலும் புற்றுநோய்

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 62 வயது. தொடையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி; அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும். கொழுப்புக் கட்டி என்று சொல்லி எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எட்டே மாதத்தில் அதே தழும்பில் திரும்ப வந்துவிட்டது. இப்போது பயாப்ஸியில் ‘லியோமயோசர்கோமா’ என்று வந்திருக்கிறது. காலையே எடுத்துவிடுவார்களா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காலை எடுக்கும் பேச்சே இப்போது வேண்டாம். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினால் புல்லரிக்கிறதல்லவா? ஒவ்வொரு முடியையும் இழுத்து நிறுத்துவது மென்தசை (நாம் நினைக்காமல் தானே இயங்கும் தசை) நூல் ஒன்று. லியோமயோசர்கோமா என்பது மென்தசையில் வரும் அபூர்வப் புற்று; தோலுக்குள் வரும்போது பெரும்பாலும் அந்த நூலில்தான் முளைக்கிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் கட்டி தோலுக்குள்ளேயே நிற்கிறது என்று இருக்கிறது. நல்ல செய்தி. இந்த வகை எடுத்த இடத்திலேயே திரும்ப வரும். உடம்பில் பரவுவது குறைவு. தோலுக்கு அடியில், கொழுப்பு அடுக்கில், ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கிளம்புவதுதான் பொல்லாதது, நுரையீரலுக்குப் போகும்.

‘எஸ்100 நெகட்டிவ்’ என்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எஸ்100 ஒரு புரதம்; அது தெரியவில்லை என்பது, இது மெலனோமா (நிறமி செல்களில் வரும் தோல் புற்று) அல்ல என்பதற்கான அடையாளம். நுண்ணோக்கியில் இரண்டும் நீண்டு, இரு முனையும் கூர்ந்த செல்களாக ஒரே மாதிரி தெரியலாம். தசைப் புரதங்களைக் காட்டும் ‘டெஸ்மின்’, ‘எஸ்எம்ஏ’ சாயங்கள் பாசிட்டிவ் ஆனதால்தான் தசை என்று சொல்ல முடிந்தது.

இனி எம்ஆர்ஐயில் ஆழம் பார்ப்பார்கள், நெஞ்சுக்கு ஒரு சிடி. அப்புறம் பழைய தழும்போடு, சுற்றிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். வெட்டி எடுத்ததன் ஓரத்தில் புற்று இல்லாமல் சுத்தமாக வந்தால், தோலோடு நிற்கும் கட்டிக்குக் கீமோ பொதுவாகத் தேவைப்படாது. ஓரத்தில் மிச்சம் இருந்தால் மறுபடி வெட்டுவார்கள், சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. பிறகு சில வருடங்களுக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை தழும்பைத் தடவிப் பார்த்தாக வேண்டும்.

முதல் கட்டியைத் தூக்கி எறிந்ததில் எனக்கு வருத்தம்தான். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானே ஒரு கட்டியை, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடாமல், சலைனில் (உப்பு நீரில்) போட்டு அனுப்பி, பெத்தாலஜி அம்மாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

புற்றுநோய் மருத்துவமனைக்கு வெறும் ரிப்போர்ட்டோடு போகாதீர்கள். லேபில் கேட்டு, கண்ணாடி ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே மறுபடி பார்ப்பார்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் பிளாக்கை வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.