லேசர் கொண்டு மென்படலம் வளர்ப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்விகளை அனுப்பிய அனைவருக்கும் நன்றி. துடிப்பு லேசர் படிவு முறையில், அதாவது லேசர் துடிப்புகளால் ஒரு பொருளைப் பெயர்த்து எதிரேயுள்ள படிகத்தில் படிய வைக்கும் முறையில், ஆக்சைடு மென்படலங்களை வளர்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஆய்வு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: இலக்கின் மீது, அதாவது லேசர் பெயர்த்தெடுக்கும் மூலப்பொருள் வில்லையின் மீது, உண்மையில் எவ்வளவு லேசர் ஆற்றல் விழுகிறது? அந்தப் பதிலில் சற்று நீண்ட நேரம் நிற்கப்போகிறேன்.

தொடக்கக் கல்லூரி மாணவி, ஈசூன்: அக்கா, லேசர் பட்டால் பொருள் சூடாகும் என்று தெரியும். அதிலிருந்து படலம் எப்படி உருவாகிறது? அடுப்பில் சூடாக்கி ஆவியாக்கினால் போதாதா?

ஒரே தனிமத்தாலான படலம் வேண்டுமென்றால் போதும் தங்கச்சி. தங்கம், அலுமினியம் போன்றவற்றை அப்படித்தான் படிய வைக்கிறார்கள். மூன்று நான்கு தனிமங்கள் சேர்ந்த ஆக்சைடு என்றால் சிக்கல். ரசத்தைக் கொதிக்கவிட்டால் நீர் போய்விடும், உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும் அல்லவா? அதுபோல எளிதில் ஆவியாகும் தனிமம் முந்திக்கொள்ளும், மற்றது பின்தங்கும்.

லேசர் அதற்கு நேரம் கொடுப்பதில்லை. நாங்கள் பயன்படுத்தும் கிரிப்டான் ஃப்ளோரைடு எக்சைமர் லேசரின் அலைநீளம் 248 நானோமீட்டர். ஒரு துடிப்பு ஏறத்தாழ 25 நானோநொடி நீடிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 2 ஜூல் ஆற்றலை அந்த நேரத்தில் செலுத்தினால், அந்தக் கணத்தில் அதன் திறன் சதுர சென்டிமீட்டருக்கு 8 கோடி வாட். இந்தப் புற ஊதா ஒளி ஆக்சைடுக்குள் ஆழமாகப் போகாது. மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கு மட்டும், அதிலுள்ள தனிமங்கள் பிரிந்து போக வாய்ப்பே இல்லாமல், மொத்தமாகப் பெயர்ந்து வெளியேறுகிறது. பெயர்ந்தது பிளாஸ்மாவாக மாறி, ஒளிரும் சுடராக நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. நாலைந்து சென்டிமீட்டர் எதிரே, பல நூறு டிகிரிக்குச் சூடாக்கப்பட்ட படிகத்தில் அது படிந்து, அடியிலுள்ள படிகத்தின் ஒழுங்கைப் பின்பற்றி வளர்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகை ஆக்சைடின் ஓர் அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) உயரம் சுமார் 0.39 நானோமீட்டர். அதை நிரப்ப 30 துடிப்புகள் தேவை என்று வைத்துக்கொண்டால், 100 நானோமீட்டர் படலத்துக்கு ஏறத்தாழ 7,700 துடிப்புகள். நொடிக்கு 5 துடிப்பு வீதம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆய்வு மாணவர், ஜூரோங் வெஸ்ட்: ஆய்வுக் கட்டுரைகளில் சொன்னபடியே சதுர சென்டிமீட்டருக்கு 2 ஜூல் வைத்துத்தான் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் வளர்க்கிறேன். ஆனாலும் படலத்தின் அணிக்கோவை நீளம் (அலகுக் கூட்டின் அளவு) பெரிதாகவே வருகிறது. இலக்கில் உள்ள விகிதம் படலத்துக்கு அப்படியே வரும் என்றுதானே சொல்கிறார்கள்?

தம்பி, "அப்படியே வரும்" என்பது பாதி உண்மை. அடுப்பு ஆவியாக்கத்தோடு ஒப்பிட்டால் லேசர் முறை மிகவும் நேர்மையானது. ஆனால் சரியான ஆற்றல் அடர்த்தியில்தான், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஆற்றல் சரியாக இருந்தால்தான், அந்த நேர்மை கிடைக்கும். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் ஸ்ட்ரான்சியமோ டைட்டானியமோ குறையும். எது குறைந்தாலும் படிகம் சற்றே விரியும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

இப்போது அந்த 2 ஜூலுக்கு வருவோம். அந்த எண்ணை எங்கே அளந்தீர்கள்? லேசர் பெட்டியின் திரையில் தெரியும் ஆற்றல் இலக்குக்குப் போய்ச் சேரும் ஆற்றல் அல்ல. மறைப்பான் (கற்றையின் ஓரங்களைத் தடுக்கும் துளைத் தகடு), கண்ணாடிகள், லென்ஸ், வெற்றிட அறையின் குவார்ட்ஸ் சன்னல் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இவற்றில் சன்னல்தான் பெரிய திருடன், ஏனென்றால் அதன் உட்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் படிவு ஏறிக்கொண்டே போகும். வெறுங்கண்ணுக்குச் சன்னல் தெளிவாகவே தெரியும். புற ஊதா ஒளிக்கு அது மங்கியிருக்கும். போன மாதம் நன்றாக வந்த படலம் இந்த மாதம் வரவில்லை என்று வருந்துபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சன்னலைக் கழற்றி, அது இருக்கும்போதும் இல்லாதபோதும் ஆற்றலை அளந்து பாருங்கள் என்பதே.

அடுத்தது, இலக்கில் லேசர் விழும் புள்ளியின் பரப்பு. இலக்கில் 40 மில்லிஜூல் விழுகிறது, புள்ளி 2 சதுர மில்லிமீட்டர் என்றால் அடர்த்தி 2 ஜூல். அதே புள்ளி உண்மையில் 3 சதுர மில்லிமீட்டராக இருந்தால் 1.3 ஜூல்தான். பரப்பைக் கண்ணளவில் மதிப்பிடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு, பிறகு படலத்தைக் குறை சொல்கிறார்கள். மெருகேற்றிய இலக்கின் மேல் சில துடிப்புகளை மட்டும் சுட்டு, தடத்தை நுண்ணோக்கியில் அளந்துவிடுங்கள். கற்றையின் நடுப்பகுதியை மட்டும் மறைப்பானால் தேர்ந்தெடுத்து, அந்த மறைப்பானின் பிம்பத்தை இலக்கில் விழச் செய்வது நல்லது. ஓரங்கள் மங்கலான புள்ளியில் ஒரே நேரத்தில் பல அடர்த்திகள் இருக்கும்; அது எந்த எண்ணுக்கும் கட்டுப்படாது.

பிறகு, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்து, ஆற்றல் அடர்த்தியை மட்டும் மாற்றி நாலைந்து படலங்கள் வளருங்கள். படிகத்தின் அளவைக் காட்டும் ஊடுகதிர் (எக்ஸ்ரே) விளிம்பு விளைவு வரைபடத்தில் படலத்தின் முகடு, அடித்தளப் படிகத்தின் 0.3905 நானோமீட்டர் முகட்டுக்குள் எந்த ஆற்றல் அடர்த்தியில் மறைகிறதோ, அதுவே உங்கள் வெற்றிட அறைக்குரிய எண். கட்டுரையில் இருப்பது அவர்கள் வெற்றிட அறைக்குரிய எண். இதற்கு ஒரு வாரம் போகும். அந்த வாரத்தை மனமுவந்து கொடுங்கள்.

ஈயம், பிஸ்மத், லித்தியம் உள்ள பொருள்களுக்கு இதுவும் போதாது. அவை சூடான படிகத்திலிருந்து மறுபடியும் ஆவியாகிவிடும். அதனால்தான் அத்தகைய இலக்குகளில் அந்தத் தனிமத்தை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

அதே துறையில் இன்னொரு மாணவி: ஆக்சிஜன் அழுத்தம் எதற்கு இவ்வளவு முக்கியம்? வெற்றிடத்தில் வளர்த்தால் சுத்தமாக இருக்குமே?

இரண்டு காரணங்கள். ஒன்று வேதியியல்: ஆக்சைடுக்கு ஆக்சிஜன் போதாமல் போனால் படிகத்தில் காலியிடங்கள் உருவாகும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் நல்ல மின்காப்பு. ஆக்சிஜன் இழந்தால் மின்சாரம் கடத்தத் தொடங்கிவிடும். படலம் கடத்துகிறதா, அடித்தளம் கடத்துகிறதா என்ற குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

மற்றது வேகம். நல்ல வெற்றிடத்தில் சுடரின் அயனிகள் முழு வேகத்தோடு வந்து படலத்தை இடித்துச் சேதப்படுத்தும். 200 மில்லிடார் அழுத்தத்தில் ஆக்சிஜன் இருந்தால் வழியில் மோதி மோதி வேகம் தணிந்து வரும். சுடரின் நீளம் கண்முன்னே சுருங்குவதைப் பார்க்கலாம். அழுத்தத்தை மாற்றினால் இலக்குக்கும் படிகத்துக்கும் இடையிலான தூரத்தையும் மறு ஆய்வு செய்யுங்கள், இரண்டும் சேர்ந்தே இயங்குபவை.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்: மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் படலத்தின் மேல் உருண்டைத் துளிகள் தெரிகின்றன. இதைத் தவிர்க்க முடியாதா?

முழுவதும் ஒழிக்க முடியாது, வெகுவாகக் குறைக்கலாம். இந்த முறையின் நிரந்தரத் தலைவலி இது. மேற்பரப்பு உருகும்போது அடியிலிருந்து கிளம்பும் ஆவி உருகலைத் தெறிக்கச் செய்கிறது. தளர்வாக அழுத்திய இலக்கிலிருந்து துகள்களும் உடைந்து பறக்கும்.

இலக்கின் அடர்த்தியிலிருந்து தொடங்குங்கள். நுண்துளைகள் நிறைந்த இலக்கை எந்த லேசரும் காப்பாற்றாது. ஒவ்வொரு முறையும் வளர்ப்பதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்து, படிகத்தின் முன்னுள்ள மூடியை மூடிவைத்துச் சிறிது நேரம் சுட்டுப் பழைய தோலை நீக்குங்கள். இலக்கு சுழன்றால் மட்டும் போதாது, கற்றை அதன் முகம் முழுவதும் உலவவேண்டும். ஒரே தடத்தில், ஒரே திசையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தால் லேசர் வரும் பக்கம் நோக்கிச் சிறு கூம்புகள் முளைக்கும். அவை முறிந்து படலத்தில் விழும். உங்களிடம் 1064 நானோமீட்டர் லேசர் மட்டும் இருந்தால் அதன் நான்காம் சீரிசையான (அலைநீளம் நான்கில் ஒரு பங்கான) 266 நானோமீட்டருக்கு மாறுவதற்கு வழி தேடுங்கள். அகச்சிவப்பு பல ஆக்சைடுகளில் ஆழமாக ஊடுருவித் தெறிப்பை அதிகமாக்கும்.

இல்லத்தரசி, தெம்பனிஸ்: என் தங்கை கண்ணாடி போடுவதை விட லேசிக் செய்துகொண்டாள். அந்த லேசரும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம் அம்மா. கண்ணுக்கு ஆர்கான் ஃப்ளோரைடு எக்சைமர் லேசர், 193 நானோமீட்டர். அதன் ஒளித்துகள் ஒவ்வொன்றும் திசுவின் வேதிப் பிணைப்பை உடைக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்டது. அதனால் அக்கம்பக்கத்தைச் சுடாமல் மிக மெல்லிய அடுக்கை மட்டும் நீக்க முடிகிறது. இதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். ஐபிஎம் நிறுவனத்தில் 1981இல், சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் ஆகியோரோடு சேர்ந்து, நன்றிகூறல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது இந்த லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கருகல் இல்லாமல் வெட்டு விழுந்தது. பிறகு கண் மருத்துவர்கள் அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் மூவருக்கும் கிடைத்தது. நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

பொறியாளர், பாசிர் ரிஸ் வேஃபர் ஆலை: இவ்வளவு நல்ல முறை என்றால் எங்கள் ஆலைகளில் ஏன் இல்லை?

சுடர் முன்னோக்கிக் கூர்மையாகப் பாய்வதால், ஒரே சீரான தடிமன் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் கிடைக்கும். வேஃபரையும் (சில்லுகள் செய்யும் வட்டத் தகட்டையும்) கற்றையையும் நகர்த்தி இதைச் சமாளிக்கலாம். ஆனால் வேகமும் துளிகளும் ஆலைக்குப் பிடிக்காதவை. இருந்தாலும் நிலைமை மாறி வருகிறது. லாம் ரிசர்ச் நிறுவனம் 2024இல் உற்பத்திக்கான துடிப்பு லேசர் படிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. ஸ்காண்டியம் மிகுந்த அலுமினியம் நைட்ரைடு படலம் அதன் முதன்மை நோக்கம். கைப்பேசி அலைவரிசை வடிகட்டிகளுக்கு அது தேவை. ஜப்பானின் ஃபுஜிகுரா நிறுவனம் மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) நாடாக்களை இந்த முறையிலேயே நீள நீளமாகத் தயாரிக்கிறது.

புதிதாக வந்த ஆய்வு மாணவர், கிளமெண்டி: சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். சிங்கப்பூரின் ஈரப்பதம் படலங்களைப் பாதிக்குமா?

பாதிக்கும். இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் உள்ள பேரியம் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கெட்டுப்போகும். மக்னீசியம் ஆக்சைடு படிகத்தின் மேற்பரப்பும் ஈரத்தை உறிஞ்சும். இலக்குகளையும் படிகங்களையும் உலர் பெட்டியில் வையுங்கள். வெற்றிட அறையைத் திறக்கும்போது உலர் நைட்ரஜனை நிரப்பித் திறந்து, வேலையை விரைவாக முடித்து மூடுங்கள். சுவரில் ஒட்டிய நீராவியை வெளியேற்றப் பம்பு இரவெல்லாம் ஓடவேண்டியிருக்கும்.

வாசகர், சுவா சூ காங்: இந்தத் துறையில் சிங்கப்பூருக்கு என்ன இடம்?

பெருமைப்படத்தக்க இடம். லேசரால் படலம் படிய வைக்கும் முயற்சி 1965லேயே ரூபி லேசரைக் கொண்டு நடந்துவிட்டது. ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1987இல், அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் திருமலை வெங்கடேசனும் குழுவினரும் உயர்வெப்ப மீக்கடத்திப் படலத்தை இந்த முறையில் வளர்த்தபோது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினிலேயே (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்தும் பொருள் என்பதால் எல்லா ஆய்வகங்களும் இதைக் கையில் எடுத்தன. அவர் பின்னர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நானோகோர் ஆய்வு நிலையத்தை வழிநடத்தினார். இரண்டு மின்காப்பு ஆக்சைடுகள் சந்திக்கும் எல்லையில் மின்சாரம் ஓடும் விந்தையைப் பற்றி அங்கே நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் அரியாண்டோவின் குழு 2025இல், சாதாரண அழுத்தத்திலேயே ஏறத்தாழ 40 கெல்வினில் மீக்கடத்தும் நிக்கலேட்டை (நிக்கல் கலந்த ஆக்சைடை) வெளியிட்டது. தாமிரம் இல்லாத ஆக்சைடில் இது பெரிய பாய்ச்சல்.

ஒரு தாயார், பூன் லே: மகள் இப்படிப்பட்ட ஆய்வகத்தில் சேரப்போகிறாள். ஆபத்து இல்லையே?

கவனமாக இருந்தால் பாதுகாப்பான வேலைதான் அம்மா. இங்கே உயர் சக்தி லேசர்கள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பயிற்சி பெறாமல் யாரும் கை வைக்க முடியாது. கற்றை கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே அந்த அலைநீளத்துக்குரிய பாதுகாப்புக் கண்ணாடியை அவள் எப்போதும் அணியவேண்டும். லேசர் வாயுவில் ஃப்ளோரின் இருப்பதால் உருளைகள் காற்று உறிஞ்சும் அலமாரியில் பூட்டியிருக்கும். யாரும் அதிகம் பேசாத ஒன்றை அவளிடம் சொல்லுங்கள்: வெற்றிட அறையைத் துடைக்கும்போது மிக நுண்ணிய தூள் பறக்கும். ஈயம், பேரியம் சேர்ந்த இலக்குகள் என்றால் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் அந்த அறையைத் திறக்கவே கூடாது.

பள்ளி ஆசிரியர், செங்காங்: மாணவர்களைக் கொண்டு இலக்கு தயாரிக்க முடியுமா?

முடியும் ஐயா, பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். துத்தநாக ஆக்சைடில் தொடங்குங்கள். மலிவு, கையாள எளிது. தூளை நன்றாக அரைத்து, அச்சில் அழுத்தி வில்லையாக்கி, உலையில் 1,100 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் சுட்டெடுங்கள். எடையையும் அளவுகளையும் எடுத்து அடர்த்தியைக் கணக்கிட்டு, துத்தநாக ஆக்சைடின் கன சென்டிமீட்டருக்கு 5.6 கிராம் என்ற கோட்பாட்டு அடர்த்தியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் நல்ல தொடக்கம்; அதைப் பயன்படுத்த முடியுமா என்று ஓர் ஆய்வகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். லேசர் வேலையைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் செய்த வில்லையிலிருந்து வந்த படலத்தின் ஊடுகதிர் முகட்டைக் கேட்டு வாங்கி வகுப்பில் காட்டலாம்.